தைத்த விரலை அசைக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 31. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் டெய்லராக இருக்கிறேன். 25 நாட்களுக்கு முன் வீட்டில் கண்ணாடி டம்ளரைக் கழுவும்போது அது உடைந்து, வலது கை நடுவிரலும் மோதிரவிரலும் அடிப்பக்கத்தில் ஆழமாக வெட்டுப்பட்டன. இரண்டு விரலிலும் நரம்பு அறுந்துவிட்டது என்று சொல்லி மறுநாள் ஆபரேஷன் செய்தார்கள். ஐந்தாம் நாள் ஸ்பிளின்ட் போட்டு, மணிக்கொரு தடவை விரலை அசைக்கச் சொன்னார் தெரபிஸ்ட். செய்துகொண்டுதான் இருந்தேன். 15ஆம் நாள், கட்டிலிலிருந்து விழப்போன குழந்தையைச் சட்டென்று பிடித்தபோது விரலில் 'டக்' என்று ஒரு சத்தம். பயந்துபோய் அன்றிலிருந்து அசைப்பதையே நிறுத்திவிட்டேன். ஒரு மண்டலம் அசையாமல் இருந்தால் தானாகக் கூடிவிடும் என்கிறார் மாமியார், எண்ணெய்க் கட்டுப் போடவும் ஆள் பார்த்து வைத்திருக்கிறார். இப்போது நடுவிரல் பாதிதான் மடங்குகிறது, மோதிரவிரல் அதைவிடக் குறைவு, நிமிர்த்தவும் முழுதாக வரவில்லை. மோதிரவிரல் நுனி ஒரு பக்கம் மரத்துக் கிடக்கிறது. அசைத்தால் தையல் பிரிந்துவிடுமா? மறுநாள் வரை தாமதமானதால்தான் இப்படியா? எப்போது மெஷினில் உட்காரலாம்? இன்னொரு ஆபரேஷன் வேண்டியிருக்கும் என்கிறார்களே?

பதில்:

சகோதரி, உங்கள் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்கிறேன், ஆனால் அதற்கு முன் ஒன்று. நாளைக்கே உங்களுக்கு ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போய் அந்த 'டக்' சத்தத்தைப் பற்றிச் சொல்லுங்கள். அடுத்த ரிவ்யூ தேதி வரட்டும் என்று இருக்காதீர்கள். ஏற்கெனவே பத்து நாள் போய்விட்டது.

ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்றால், ஒவ்வொரு விரலையும் மடக்க உள்ளங்கைப் பக்கத்தில் கயிறு போன்ற இரண்டு தசைநாண்கள் இருக்கின்றன (நீங்கள் நரம்பு என்று எழுதியது இவற்றைத்தான்). ஒன்று விரலின் நடு மூட்டை மடக்குகிறது, இன்னொன்று அதற்கடியில் ஓடி, அதைப் பிளந்துகொண்டு மேலே வந்து, நுனி மூட்டு வரை போகிறது. கண்ணாடி வெட்டியது விரலின் அடிப்பக்கம் என்பதால் உங்களுக்கு இரண்டுமே அறுந்திருக்க வாய்ப்பு அதிகம், இரண்டையும் தைத்திருப்பார்கள். குழந்தையைப் பிடித்த வேகத்தில் இந்த இரண்டில் ஒன்று விட்டுப்போயிருந்தாலும் மற்றது விரலைக் கொஞ்சம் மடக்கிக் காட்டும். 'பாதியாவது மடங்குகிறதே, அறுந்திருக்காது' என்று நீங்களும் வீட்டிலிருப்பவர்களும் நினைத்துக்கொள்வீர்கள். நுனி மூட்டு மடங்குகிறதா என்று பார்க்காமல் அப்படி முடிவுகட்ட முடியாது. நடுவிரலின் நுனி, மோதிரவிரலின் நுனி, இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். நீங்களே வீட்டில் முக்கிப் பிடித்து மடக்கிப் பார்க்க வேண்டாம், அதற்கென்று ஒரு பிடி இருக்கிறது, டாக்டருக்கோ தெரபிஸ்ட்டுக்கோ அது தெரியும்.

வீட்டில் நீங்கள் பார்க்கக்கூடியது ஒன்றுதான். ஸ்பிளின்ட்டைக் கழற்றாமலே கையை மல்லாக்கத் தலையணைமேல் வைத்து, எந்த முயற்சியும் செய்யாமல் தளர விடுங்கள். சாதாரணக் கையில் ஆட்காட்டி விரல் கொஞ்சம் மடங்கியிருக்கும், நடுவிரல் அதைவிடக் கொஞ்சம் அதிகம், மோதிரவிரல் இன்னும் அதிகம், சுண்டுவிரல் எல்லாவற்றையும்விட அதிகம். இந்த வரிசையில் ஒரு விரல் மட்டும் மற்றவற்றைவிட நிமிர்ந்து கிடந்தால், அந்த விரலில் தசைநாண் விட்டிருக்கலாம். ஸ்பிளின்ட் பின்னாலிருந்து விரல்களைத் தாங்குவதால் இது எப்போதும் துல்லியமாகத் தெரியாது. சந்தேகம் இருந்தால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில், நீங்கள் அசைக்கும்போதே உள்ளே தசைநாண் நகர்கிறதா இல்லையா என்று பார்த்துவிடலாம்.

பயமுறுத்தச் சொல்லவில்லை. 'டக்' என்று கேட்டதெல்லாம் அறுந்ததாக ஆகாது. தைத்த இடம் கொஞ்சம் தடித்திருக்கும், அது உள்ளே தசைநாணை எலும்போடு பிடித்துவைக்கிற ஒரு வளையத்தின் விளிம்பில் இடறினாலும் அப்படி ஒரு சத்தம் வரும், உணர்வும் வரும். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இரண்டு விரலும் கொஞ்சமாவது மடங்குகின்றன என்பது எனக்கு நம்பிக்கை தருகிறது. ஆனால் அறுந்தே இருந்தால், இப்போதே தெரிந்தால் திரும்பத் தைத்துப் பார்க்க வழி இருக்கிறது. இன்னும் சில வாரம் போனால் அறுந்த முனை உள்ளங்கைக்குள் சுருங்கிப் போய்விடும், அது ஓடும் குழாயும் சுருங்கி மூடிக்கொள்ளும். அப்புறம் முதலில் ஒரு சிலிக்கான் குச்சியை வைத்துக் குழாயை உண்டாக்கி, மூன்று மாதம் பொறுத்து, முன்கையிலிருந்தோ காலிலிருந்தோ ஒரு தசைநாணை எடுத்து வைக்கிற பெரிய வேலையாகிவிடும். அதனால்தான் நாளைக்கே போங்கள் என்கிறேன். உங்கள் டாக்டர் ஊரில் இல்லையென்றால் கோயம்புத்தூரில் கை அறுவை சிகிச்சை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், அங்கே காட்டுங்கள்.

சரி, இனி மெதுவாகப் பேசலாம்.

உங்கள் கடிதத்தில் 'நரம்பு அறுந்துவிட்டது' என்று இருக்கிறது. நம் பேச்சில் நரம்பு என்ற ஒரே சொல் மூன்று பொருளுக்கு வருகிறது. கையில் நீலமாகத் தெரியும் ரத்தக்குழாயையும் நரம்பு என்கிறோம், உணர்ச்சியைக் கொண்டுபோகும் நிஜ நரம்பையும் நரம்பு என்கிறோம், விரலை இழுக்கும் கயிறு போன்ற தசைநாணையும் நரம்பு என்றுதான் சொல்கிறோம். மூன்றும் குணமாகும் விதம் வேறு வேறு. உங்களுக்கு இரண்டு விரலிலும் அறுந்தது தசைநாண். மோதிரவிரலில் அதோடு ஒரு பக்கத்து நரம்பும் அறுந்திருக்கிறது, அதனால்தான் ஒரு பக்கம் மட்டும் மரத்திருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியில் எது எது தைக்கப்பட்டது என்று விவரமாக இருக்கும். அதை ஒரு முறை டாக்டரிடம் காட்டி, ஒவ்வொன்றையும் உங்களுக்குப் புரியும்படி சொல்லச் சொல்லுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம், அது உங்கள் கை.

விரலுக்குள் தசையே கிடையாது என்பது பலருக்குத் தெரியாது. மடக்குகிற தசை முன்கையில், முழங்கைக்குக் கொஞ்சம் கீழே இருக்கிறது. அங்கிருந்து கயிறு மாதிரி தசைநாண் மணிக்கட்டைத் தாண்டி, உள்ளங்கையைத் தாண்டி, விரலுக்குள் ஒரு குழாய்க்குள் நுழைகிறது. அந்தக் குழாயை எலும்போடு ஒட்டிப் பிடிக்க ஒவ்வொரு விரலிலும் ஐந்து வளையங்களும் மூன்று குறுக்குப் பட்டைகளும் உண்டு. நீங்கள் டெய்லர், உங்களுக்கு ஒரு வரியில் சொல்லலாம். பாவாடையில் நாடா கோர்க்கிற மடிப்பு இருக்கிறதே, அதுதான் அந்தக் குழாய், உள்ளே ஓடுகிற நாடாதான் தசைநாண். நாடா நடுவில் அறுந்துபோய் அதைத் தைத்துச் சேர்த்தால் இரண்டு சிக்கல் வரும். தையல் வலுவாக இல்லாவிட்டால் இழுக்கும்போது விட்டுப்போகும். தையல் எவ்வளவு வலுவாக இருந்தாலும், அது மடிப்புத் துணியோடு சேர்ந்து பிடித்துக்கொண்டால் நாடா நகராது, இழுத்தாலும் இடுப்பு சுருங்காது. நாடா அறுந்திருக்காது, ஆனால் அதனால் பயனும் இருக்காது.

உடம்புக்கு இந்த இரண்டும் வேறு வேறு என்று தெரியாது. காயம் ஆறுவதென்றால் அதற்கு ஒட்டுவதுதான். தசைநாணின் இரண்டு முனையையும் ஒட்டும், அதே பசையால் தசைநாணைச் சுற்றியிருக்கும் குழாயோடும் ஒட்டிவிடும். அசையாமல் வைத்தால் எல்லாம் சேர்ந்து ஒரே கட்டியாகிவிடும். உங்கள் மாமியார் சொல்வது, அசையாமல் இருந்தால் கூடிவிடும் என்பது, உண்மைதான். கூடும். ஆனால் கூடாத இடத்திலும் சேர்த்துக் கூடிவிடும். எலும்பு முறிவுக்கு அசையாமல் வைப்பதுதான் வைத்தியம், அதைத்தான் அவர் வாழ்நாளெல்லாம் பார்த்திருப்பார், தவறாகச் சொல்லவில்லை. ஆனால் எலும்பின் வேலை நிற்பது, தசைநாணின் வேலை ஓடுவது.

இந்த விஷயம் டாக்டர்களுக்கே வெகுகாலம் புரியாமல் இருந்தது. விரலின் அடியிலிருந்து நடு எலும்பு வரையிலான இந்தப் பகுதி, சரியாக உங்களுக்கு வெட்டுப்பட்ட இடம், இங்கே இரண்டு தசைநாண்களும் ஒரே குறுகலான குழாய்க்குள் நெருக்கிக்கொண்டு ஓடுகின்றன. இங்கே தைத்தால் ஒட்டிப்போய் விரல் விறைத்துவிடுகிறது என்பதால், அமெரிக்காவின் ஸ்டெர்லிங் பன்னல் என்ற முன்னோடி அறுவை நிபுணர் இதை யாருமே புகக்கூடாத பகுதி என்று பெயரிட்டார். தோலை மட்டும் மூடுங்கள், தசைநாணைத் தொடாதீர்கள், பிறகு வேறு இடத்திலிருந்து எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் பல பத்தாண்டுகள் விதி. 1967இல் அமெரிக்காவின் லூயிவில் நகரத்தைச் சேர்ந்த ஹெரால்ட் கிளைனெர்ட்டும் அவரோடு இருந்தவர்களும், அந்த இடத்திலேயே உடனே தைத்து நல்ல பலன் கிடைத்ததை வெளியிட்டார்கள். நகத்தில் ஒரு ரப்பர் பேண்டைக் கட்டி மணிக்கட்டுப் பக்கம் இழுத்து வைப்பார்கள். நோயாளி விரலைத் தானே நிமிர்த்துவார், மடக்குவதை ரப்பர் பேண்ட் செய்யும். இப்படித் தைத்த தசைநாண் இழுபடாமலே குழாய்க்குள் முன்னும் பின்னும் நகரும். மூன்றிலிருந்து ஐந்து மில்லிமீட்டர் நகர்ந்தாலே இறுகிய ஒட்டல் வராமல் தடுக்கலாம் என்று டுரான் என்பவர் பிறகு காட்டினார். ஒரு துவரம் பருப்பின் அளவுதான்! 1980களில் கெல்பர்மன் என்ற அமெரிக்க அறுவை நிபுணரின் குழுவினர் நாய்களின் தசைநாண்களில் செய்த ஆய்வுகளில் இன்னொன்றும் தெரிந்தது. சீக்கிரம் அசைவு கொடுத்த தசைநாண், கட்டிப்போட்ட தசைநாணைவிட வலுவாகவே கூடியது. அசைத்தால் பலவீனமாகும் என்று எல்லோரும் பயந்ததற்கு நேர் எதிர்.

இப்போது தையல் முறையும் மாறிவிட்டது. அறுந்த இடத்தைத் தாண்டி நான்கு அல்லது ஆறு நூல் இழைகள் போகும்படி தைத்து, அதற்கு மேல் ஓரமெல்லாம் மெல்லிய நூலால் சுற்றித் தைக்கிறோம். அதனால்தான் உங்கள் தெரபிஸ்ட் ஐந்தாம் நாளே அசைக்கச் சொல்லும் தைரியம் கொண்டார். அவர் சொன்னது சரி.

ஆனால் அசைப்பது வேறு, பிடிப்பது வேறு. வெறும் கையில், எதையும் பிடிக்காமல், மெதுவாகப் பாதி மடக்கினால் தையலுக்குத் தாங்கக்கூடிய இழுப்புதான் வரும். அதே விரலால் ஒரு குடத்தைத் தூக்கினாலோ துணியைப் பிழிந்தாலோ வருகிற இழுப்பு அதைப்போலப் பல மடங்கு. நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் இரண்டு பேரை ஒரே மாதத்தில் பார்த்தேன். ஒருவர் விசைத்தறித் தொழிலாளி. நான்காவது வாரம் வலி சுத்தமாகப் போய்விட்டதே என்று ஸ்பிளின்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கினார், அன்றே தையல் விட்டுப்போனது. இன்னொருவர் ஒரு பாட்டி, பயந்து ஆறு வாரமும் விரலை அசைக்கவே இல்லை. தையலுக்கு ஒன்றும் ஆகவில்லை, விரல்தான் கட்டை மாதிரி ஆகிவிட்டது. இரண்டு பேருக்கும் நான் எழுதிக் கொடுத்த தாள் ஒன்றுதான், 'விரலை அசைக்கவும், கனமான வேலை செய்யக்கூடாது' என்று. அதை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன புரிந்துகொள்ள முடியும்? உட்கார்ந்து விளக்காதது என் தப்பு, இன்றும் மனதில் இருக்கிறது. அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதல் மூன்று வாரம்தான் தையல் மிகப் பலவீனமாக இருக்கும் காலம். நூல் மட்டுமே தாங்கும், தசைநாணின் முனை கொஞ்சம் மிருதுவாகிப் போயிருக்கும். அதற்குப் பிறகு உடம்பு புதிதாக நெய்கிற இழைகள் மெல்ல மெல்லப் பாரத்தை ஏற்க ஆரம்பிக்கும். நீங்கள் 25ஆம் நாளில் இருக்கிறீர்கள். டாக்டர் பார்த்துத் தையல் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால், அன்றைக்கே பயிற்சியைத் திரும்பத் தொடங்க வேண்டும். இனி ஒரு நாள் வீணானாலும் அது ஒட்டலுக்குத்தான் லாபம்.

பயிற்சி எப்படி என்று உங்கள் தெரபிஸ்ட் சொல்வதுதான் கணக்கு, ஏனென்றால் எத்தனை இழை, எந்தத் தையல், வளையங்களில் எதை வெட்டினார்கள் என்பது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. ஆனால் பொதுவாக இந்த வரிசையில் போகும். விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கொரு தடவை, ஸ்பிளின்ட்டுக்குள்ளேயே. முதலில் இடது கையால் அந்த விரல்களை மெதுவாக மடக்கி விடுவது, ஒவ்வொரு மூட்டாக, பிறகு எல்லாம் சேர்த்து உள்ளங்கையைத் தொடுகிற வரை, பத்துத் தடவை. இதை ஏன் முதலில் செய்கிறோம் என்றால், வீங்கி இறுகிப்போன மூட்டைத் தானாக மடக்கத் தசைநாண் அதிக பலம் போட வேண்டியிருக்கும், முன்னதாகவே நீவித் தளர்த்திவிட்டால் குறைந்த இழுப்பிலேயே மடங்கும். அடுத்து, விரல்களை, அவற்றின் பின்பக்கம் இருக்கிற ஸ்பிளின்ட்டின் கூரையைத் தொடுகிற வரை நிமிர்த்துவது, பத்துத் தடவை. கடைசியாக, விரல்களைத் தானாகவே மெதுவாக மடக்குவது. முதலில் கால்வாசி, போகப் போகப் பாதி. ஒரு முட்டையைப் பிடித்திருக்கிற மாதிரி, அதற்கு மேல் அழுத்தம் வேண்டாம்.

மடக்கத் தொடங்கும்போது நுனி மூட்டிலிருந்து தொடங்குங்கள். பலர் விரலின் அடி மூட்டை மட்டும் மடக்கிவிட்டு 'பாருங்க டாக்டர், மடங்குது' என்பார்கள். அடி மூட்டை மடக்க உள்ளங்கையில் இருக்கிற சின்னத் தசைகளே போதும், தைத்த தசைநாண் ஒரு நூல் அளவும் நகர்ந்திருக்காது. கொக்கி மாதிரி நுனி வளைந்தால்தான் உள்ளே ஓட்டம் நடக்கிறது என்று அர்த்தம்.

வலி எவ்வளவு வரலாம்? இறுக்கமாக, இழுக்கிற மாதிரி இருப்பது சரிதான். பயிற்சி முடிந்து கால் மணி நேரத்தில் அடங்கிவிட வேண்டும். அன்று மாலை விரல் பருத்து, சூடாகி, மறுநாள் காலையில் முன்பைவிடக் குறைவாக மடங்கினால் அளவு மீறிவிட்டது, குறைத்துக்கொள்ளுங்கள். வீக்கம் இந்தக் கட்டத்தில் பெரிய எதிரி. உட்கார்ந்திருக்கும்போதும் படுத்திருக்கும்போதும் கையை நெஞ்சுக்கு மேல் இருக்கும்படி தலையணையில் வையுங்கள், தொங்கவிட்டுக்கொண்டு நடக்காதீர்கள். தோள்பட்டையையும் முழங்கையையும் தினமும் நாலைந்து தடவை முழுதாக மேலே தூக்கி அசையுங்கள், கை வெட்டுப்பட்டவர்களுக்குத் தோள்பட்டை பிடித்துக்கொள்வதை அடிக்கடி பார்க்கிறேன்.

நிமிர்த்த முழுதாக வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். விரலின் நடு மூட்டு மடங்கியே இருந்து பழகிவிட்டால், அதன் உள்பக்கத்துச் சவ்வு சுருங்கி நிரந்தரமாக வளைந்துவிடும். மடங்காத விரலைவிட நிமிராத விரல்தான் பாக்கெட்டில் கைவிடும்போதும், துணியைத் தட்டிப் பரப்பும்போதும் இடிக்கும். அதனால் ராத்திரியில் விரல்களை ஸ்பிளின்ட்டின் கூரையோடு ஒட்டி, பட்டையால் மெதுவாகக் கட்டிவிட்டுத் தூங்கச் சொல்வார்கள். அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நீங்களாக இடது கையால் பிடித்து நிமிர்த்த மட்டும் கூடாது. இந்த வாரங்களில் தையல் விட்டுப்போக முக்கியக் காரணங்களில் அதுவும் ஒன்று, குறிப்பாக மணிக்கட்டையும் சேர்த்துப் பின்னால் வளைத்துவிட்டால்.

எண்ணெய்க் கட்டு வேண்டவே வேண்டாம். மூலிகையைக் குறை சொல்லவில்லை. இறுக்கிக் கட்டுவது, உருவி விடுவது, இரண்டுமே இப்போது ஆகாது. நரம்பு தைத்த விரலில் கட்டு இறுகினாலும் உங்களுக்கு வலி தெரியாது, அது இன்னும் ஆபத்து. காயம் முழுதாக ஆறித் தோல் மூடிய பிறகு, தழும்பின்மேல் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தொட்டு, கட்டைவிரலால் சின்ன வட்டமாக அழுத்தித் தேய்ப்பது நல்லது. தழும்பு மிருதுவாகும், தோல் உள்ளே ஒட்டாது. எண்ணெய் ஆசை உள்ள மாமியாருக்கு அந்த வேலையைக் கொடுத்துவிடலாம், தெரபிஸ்ட் ஒரு தடவை அவருக்குச் செய்து காட்டட்டும். அடுத்த தடவை போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். வெளியில் நிறுத்தாமல் உள்ளே அழைத்து, விரல் எப்படி ஓட வேண்டும் என்று காட்டினால் அவரே மணிக்கொரு தடவை உங்களை உட்கார வைத்து எண்ணுவார். இப்படி மாறிய மாமியார்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பத்தியம் பற்றியும் அவர் ஏதாவது சொல்லியிருப்பார். முட்டை, பருப்பு, மீன் எல்லாம் சாப்பிடலாம், சாப்பிடவும் வேண்டும், புதுச் சதை வளரப் புரதம்தான் தேவை.

மறுநாள் ஆபரேஷன் ஆனதைப் பற்றி உங்களை நீங்களே வருத்திக்கொள்ள வேண்டாம். விரலுக்கு ரத்த ஓட்டமே நின்றிருந்தால்தான் மணிக்கணக்கு முக்கியம். சுத்தமான கண்ணாடி வெட்டில் தசைநாணையும் நரம்பையும் முதல் சில நாட்களுக்குள், இரண்டு வாரம் வரைகூட, தைத்து நல்ல பலன் எடுக்கலாம். நடுராத்திரியில் அவசரமாக, கிடைத்தவர் தைப்பதைவிட, மறுநாள் பகலில் கை அறுவை தெரிந்தவர் தைப்பது எவ்வளவோ மேல்.

அப்புறம் அந்த மரத்துப்போன பக்கம். நரம்பைத் தைத்தால் உடனே உணர்ச்சி வராது. வெட்டுக்கு அப்பால் உள்ள நரம்பிழைகள் அழிந்து, தையலுக்கு மேல் பக்கத்திலிருந்து புதிய இழைகள் முளைத்துப் போக வேண்டும். ஒரு நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் என்பதுதான் பொதுவான கணக்கு, அதாவது மாதத்துக்கு ஓர் அங்குலம். விரலின் அடியிலிருந்து நுனி வரைக்கும் மூன்று நான்கு மாதம் எடுக்கும், ஆரம்பத்தில் கொஞ்ச நாள் தாமதமும் உண்டு. வழியில் தட்டினால் சுர்ரென்று கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்கும். அந்த இடம் மாதாமாதம் நுனியை நோக்கி நகர்ந்துகொண்டே போனால் நரம்பு வளர்கிறது என்று அர்த்தம், பயப்படாதீர்கள். மார்கழிக் குளிரில் அந்த விரல் கொஞ்சம் அதிகமாகவே கடுக்கும், முதல் ஒன்றிரண்டு வருடம் அப்படி இருக்கும்.

அதுவரை அந்த நுனி சுட்டாலும் வெட்டினாலும் உங்களுக்குச் சொல்லாது. இதில் நம் ஊர்க் கதை ஒன்று உண்டு. பால் பிராண்ட் என்று ஒரு டாக்டர், கொல்லிமலையில் பிறந்தவர், 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்து தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளைத் தசைநாண் மாற்றி வைத்து நிமிர்த்தினார். தொழுநோயில் விரல் தானாக அழுகி விழுகிறது என்றுதான் அன்று உலகமே நம்பியது. அவர் கவனித்துப் பார்த்துச் சொன்னது வேறு. நோய் நரம்பைத்தான் கெடுக்கிறது, வலி தெரியாததால் சூடான பாத்திரத்தைப் பிடிக்கிறார்கள், காயத்தோடேயே வேலை செய்கிறார்கள், விரல் அப்படித்தான் போகிறது என்றார். உங்கள் விரலில் உணர்ச்சி திரும்பி வரும், அவ்வளவு தூரம் போகாது. ஆனாலும் கரண்டி முதல் அயர்ன் பாக்ஸ் வரை, சூடான எதையும் அந்தக் கையால் தொட்டுப் பார்க்காதீர்கள். தோசைக்கல், குக்கர் மூடி எல்லாம் இடது கைக்கு. தினமும் ராத்திரி நுனியை வெளிச்சத்தில் கண்ணால் பார்த்துவிடுங்கள், சின்னக் கொப்புளம்கூட உங்களுக்கு வலிக்காது.

வேலைக்கு எப்போது? ஆறு வாரம் ஆனதும் பெரும்பாலும் ஸ்பிளின்ட்டைக் கழற்றுவார்கள். அன்றைக்குக் கை சரியாகிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் நினைப்பார்கள், அங்கேதான் ஜாக்கிரதை வேண்டும். அப்போது சாப்பிடலாம், தலை சீவலாம், தாளைப் புரட்டலாம், காலி டம்ளரை எடுக்கலாம். எட்டு வாரத்துக்கு மேல் தெரபிஸ்ட் மிருதுவான களிமண்ணைப் பிசையக் கொடுத்து, லேசாக பலம் ஏற்றுவார். மெல்லிய பனியன் துணியை மெஷினில் தள்ளி விடுகிற அளவு வேலை அந்தச் சமயத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வரும். கத்தரிக்கோலால் அடுக்குத் துணி வெட்டுவது, கட்டுக்கட்டாகத் தூக்குவது, துணி பிழிவது, மாவு பிசைவது, குழந்தையை அந்தக் கையால் தூக்குவது, இதெல்லாம் பன்னிரண்டு வாரத்துக்கு அப்புறம்தான். பீஸ் ரேட்டில் முன்போல் எடுக்க அதற்கு மேலும் ஒன்றிரண்டு மாதம் ஆகலாம்.

கம்பெனியில் உங்களுக்கு இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்று பாருங்கள். காயம் வீட்டில் பட்டதுதான், வேலையிடத்தில் இல்லை, ஆனாலும் நோய்க்கால உதவித்தொகை உண்டு. சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்தில் 91 நாள் வரை கிடைக்கும். பன்னிரண்டு வாரம் என்பது 84 நாள், கணக்கு உள்ளேயே அடங்கிவிடுகிறது. அதற்கு முந்தைய ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாட்களுக்காவது பணம் கட்டியிருக்க வேண்டும். வெளி ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் ஆகியிருந்தாலும் எல்லாப் பேப்பரையும் எடுத்துக்கொண்டு இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் போய்க் கேளுங்கள். இதை ஒரு டாக்டர் ஏன் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம். எட்டாவது வாரத்திலேயே வீட்டில் பணமில்லை என்று மெஷினில் உட்கார்ந்து, கத்தரிக்கோலைப் பிடித்து, விரலில் போட்ட தையல் விட்டுப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு ஆபரேஷனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒட்டல் மிச்சம் இருந்தால் அதை விடுவிக்கிற ஆபரேஷன் ஒன்று உண்டு, ஆனால் அதை இப்போது பேசவே வேண்டாம். குறைந்தது மூன்று மாதம், பெரும்பாலும் ஆறு மாதம் வரைகூடப் பார்ப்போம். இடது கையால் மடக்கினால் விரல் முழுதாக மடங்குகிறது, ஆனால் தானாக மடங்கவில்லை, இரண்டு மாதமாகத் தெரபி செய்தும் அளவு ஒரே இடத்தில் நிற்கிறது என்றால்தான் அது. அப்போதும் தோலெல்லாம் மிருதுவாகி, மூட்டுகள் தளர்ந்து இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விடுவித்த தசைநாண் திரும்ப ஒட்டிக்கொள்ளும். இன்று அதை மயக்கம் கொடுக்காமல், கை மட்டும் மரக்க ஊசி போட்டு, நோயாளி விழித்திருக்கும்போதே செய்கிறோம். விடுவித்தவுடன் 'மடக்குங்கள்' என்று சொல்வோம், அவர் மேசையிலேயே மடக்கிக் காட்டுவார், இன்னும் எங்கே பிடிக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.

அந்த நிலை வராமலே போகலாம். தினமும் ராத்திரி ஒரே நேரத்தில், விரலைத் தானாக எவ்வளவு மடக்க முடிகிறதோ அவ்வளவு மெதுவாக மடக்கி, நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் எத்தனை சென்டிமீட்டர் இருக்கிறது என்று, உங்களிடம் இருக்கிற இஞ்ச் டேப்பாலேயே அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். தேதி, நடுவிரல், மோதிரவிரல், மூன்று கட்டம் போதும். டாக்டர் நாளைக்குப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு தொடங்குங்கள். ஒவ்வொரு ரிவ்யூவுக்கும் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள்.